சுருட்டும் படைக்குடியும்

முன்னுரை

மறக்குடிப் பெருமை பேசுதல் தமிழிலக்கியத்தின் தொன்மையான மரபு. அதனை மூதின்முல்லை என்னும் துறையாக நம் முன்னோர் வகுத்தனர். முன்னைப் போர்களில் உறவையும் கணவனையும் இழந்த பின்னரும், எஞ்சிய ஒரே மகனைக் களத்திற்கு அனுப்பும் தாயை ஒக்கூர் மாசாத்தியார் பாடிய புறப்பாடல் (279) இத்துறைக்குச் சிறந்த சான்று. மாணாக்கர்க்கு இப்பாடலை ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். ஆனால் அம்மரபு பிற்காலத் தமிழகத்தில் எவ்வாறு தொடர்ந்தது என்று நாம் கேட்பது அரிது. அவ்வினாவிற்கு விடை தேடப் புகுமிடத்து, எளியதொரு பொருள் நமக்கு வழிகாட்டுகிறது. அது சுருட்டு.

நடுகல்லும் படையலும்

களத்தில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டுப் பீலி சூட்டிக் கள் படைத்தனர் பண்டைத் தமிழர். அவ்வழிபாட்டின் தொடர்ச்சியே மதுரைவீரன், முனியாண்டி, கருப்பசாமி முதலான காவல் தெய்வங்களின் வழிபாடு எனலாம். இத்தெய்வங்களுக்குச் சாராயத்தோடு சுருட்டும் படைக்கப்படுகிறது. புகையிலை அமெரிக்க நிலப்பகுதிக்கு உரியது. போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின்னரே இந்நாட்டிற்கு வந்தது. ஆகவே சுருட்டுப் படையல் பழைய மரபில் புதிதாகச் சேர்ந்த ஒன்று. வீரன் உயிரோடிருந்தபோது விரும்பியதை இறந்த பின்னும் அவனுக்கு அளிப்பது என்னும் பழைய நெறி மாறவில்லை. படைக்கும் பொருள் மட்டுமே காலத்திற்கேற்ப மாறியது.

இதற்கு வியப்பூட்டும் சான்றொன்றைக் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூலில் காண்கிறோம். 1809இல் திருவிதாங்கூர் அரண்களைக் கைப்பற்றும் போரில் படுகாயமுற்று இறந்த ஆங்கிலேயப் படைத்தலைவர் ஒருவர், திருநெல்வேலிச் சீமையின் மணற்காட்டில் புதைக்கப்பட்டார். அப்பகுதி மக்கள் அவரையும் வழிபட்டனர். மதுவும் சுருட்டும் படைத்தனர். வீழ்ந்தவன் பகைவனா உறவினனா என்று அவ்வெளிய மக்கள் ஆராயவில்லை. போரில் மடிந்தவனின் ஆவி அமைதியுற வேண்டும் என்பதே அவர்தம் கருத்து.

சொல்லும் பொருளும்

‘சுருட்டு’ என்னும் தமிழ்ச்சொல் பதினேழாம் நூற்றாண்டிலேயே ‘செரூட்’ என ஆங்கிலத்திற்குச் சென்றது. திண்டுக்கல் வட்டாரப் புகையிலையும், திருச்சிராப்பள்ளி, உறையூர்த் தொழிலாளரின் கைவண்ணமும் சேர்ந்து உலகப் புகழ் பெற்றன. காம்பு நீக்கிப் பதப்படுத்திய உள்ளிலையை மேலிலையால் சுற்றிப் பசையிட்டு ஒட்டும் இத்தொழில் முற்றிலும் கைத்தொழிலே. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் புதினத்தில், கொலையாளி புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று சாம்பலைக் கொண்டே துப்பறிவாளர் கண்டறிகிறார். அந்த அளவிற்கு அப்பெயர் இங்கிலாந்து வாசகர்க்குப் பழகியிருந்தது.

சென்னைப் படை

1758இல் முறையான பட்டாளங்களாக அமைக்கப்பெற்ற சென்னைச் சிப்பாய்ப் படையில் தமிழரும் தெலுங்கரும் முகமதியரும் பிறரும் சேர்ந்திருந்தனர். கும்பினியார்க்குத் தென்னாட்டை வென்று கொடுத்தவர்கள் இவர்களே. 1806 சூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்து கும்பினியாரை நடுங்க வைத்தவர்களும் இவர்களே. புதிய தலைப்பாகையும், சமயக்குறி அணியலாகாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற ஆணைகளும் அக்கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்கள்.

1885 முதல் 1893 வரை இந்தியப் படைத்தலைவராக இருந்த இராபர்ட்ஸ், தென்னாட்டவர் போருக்கு ஏற்றவர் அல்லர் என்று கருதினார். ‘போர்க்குடிகள்’ என்னும் கொள்கை வலுப்பெற்றது. சென்னைக் காலாட்படைகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, முதல் உலகப் போருக்குப் பின் கலைக்கப்பட்டன. வழிவழியாகப் படைத்தொழில் செய்த குடும்பங்கள் அத்தொழிலை இழந்தன. 1780இல் தோன்றிய முன்னோடிப் படையின் வழிவந்த மதராஸ் சாப்பர்கள் மட்டுமே எஞ்சினர். ‘தம்பி’ என்று அழைக்கப்படும் இவ்வீரருள் ஒருவரான சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24இல் இத்தாலியில் கண்ணிவெடியின் மேல் தம்முடலைக் கிடத்தித் தோழரைக் காத்து உயிர் நீத்தார். இறந்தபின் அவர்க்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது. ‘போருக்கு ஏற்றவர் அல்லர்’ என்ற கூற்றுக்கு இதனினும் சிறந்த மறுப்பு வேண்டுவதில்லை.

ஒரு குடும்பம்

எம் ஊரில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் வாழ்கிறார். பாட்டனார் மெசபொடேமியாவிலும், தந்தையார் பர்மாவிலும் சாப்பர்களாகப் பணியாற்றினர். அவர் 1971இல் மேற்கெல்லையில் கண்ணிவெடி அகற்றியவர். மகள் இராணுவச் செவிலியர். உறையூர், திண்டுக்கல், யாழ்ப்பாணம் என ஊர்வாரியாகச் சுருட்டுகளைச் சேர்த்து மரப்பேழையில் வைத்திருக்கிறார். மருத்துவர் புகைக்கலாகாது என்று தடுத்துப் பல்லாண்டுகள் ஆயின. எடுத்து முகர்ந்துவிட்டு மீண்டும் பேழையிலேயே வைத்துவிடுகிறார். பாட்டனார் தொட்டு வந்த பழக்கத்தில் இம்மணம் ஒன்றே தமக்கு மிச்சம் என்பார்.

“வெள்ளையனுக்காகச் சண்டையிட்டதில் என்ன பெருமை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், அம்மா. என் தாத்தா வெள்ளையனுக்காகப் போகவில்லை; பஞ்சத்துக்காகப் போனார். போன இடத்தில் உடன் நின்றவனை விட்டு ஓடவில்லை. என் பெருமை அவ்வளவுதான்” என்று அவர் ஒருமுறை சொன்னார். கூலிப்படை என்று இகழ்வோரும் வீரப்படை என்று புகழ்வோரும் ஒருசேர எண்ணிப் பார்க்க வேண்டிய சொற்கள் இவை.

பேழையின் அடியில் பதக்கங்களும் பணிச்சான்றுகளும் உள. பாட்டியாரைப் பற்றி ஒரு துண்டுத் தாளும் இல்லை. கணவர் கடல் கடந்திருந்த ஆண்டுகளில் நிலத்தை உழுவித்து, மக்களை வளர்த்து, வளர்ந்த மகனையும் அனுப்பி வைத்தவர் அவர். மாசாத்தியார் பாடிய மூதிற் பெண்டிர் இவரினும் வேறல்லர். பாடுதற்குப் புலவர் இல்லாமற் போயினர் என்பதே வேறுபாடு.

முடிவுரை

புகையிலை உடலுக்குக் கேடு என்பதில் ஐயமில்லை. அப்பழக்கம் மறைவது நன்றே. ஆயினும் அதனோடு சேர்ந்த நினைவுகளும் மறையலாகாது. அரசு ஆவணங்கள் படைகளின் வரலாற்றைக் கூறும். படைக்குடிகளின் வரலாற்றைக் கூறா. அவை முதியோர் நாவில் மட்டுமே வாழ்கின்றன. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போன்று, தலைமுறைதோறும் படைக்கு ஆளனுப்பிய ஊர்கள் நம்மிடையே உள்ளன. இலக்கிய அமைப்புகள் தத்தம் ஊர்களில் அத்தகைய குடும்பங்களைக் கண்டு, ஆடவர் கூறுவதையும் மகளிர் கூறுவதையும் எழுதி வைத்தல் வேண்டும். பத்தாண்டு கண்ட நம் வட்டம் அடுத்த பத்தாண்டிற்கு இப்பணியை மேற்கொள்ளுமாயின், அதுவே அவர்க்கு நாம் நடும் கல்லாகும்.