மஸ்டா: ஹிரோஷிமாவில் பிறந்த மகிழுந்து

மஸ்டா என்பது ஜப்பானின் ஹிரோஷிமா மாநகரை ஒட்டிய ஃபுச்சு என்னும் சிறுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட மகிழுந்து நிறுவனம் ஆகும். 1920 ஜனவரி 30 அன்று இது தொடங்கப்பட்டபோது இதற்கும் வண்டிகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அன்று இது மரப்பட்டையிலிருந்து தக்கை செய்யும் ஆலை. டொயோட்டா, நிசான், ஹோண்டா ஆகியவற்றோடு ஒப்பிட்டால் மஸ்டா சிறிய நிறுவனமே. ஆயினும் மற்றவர்கள் முயன்று கைவிட்ட சுழல் எந்திரத்தைப் பல பத்தாண்டுகள் விடாமல் செய்து விற்றது இந்த ஒரு நிறுவனம்தான். அந்தப் பிடிவாதம் ஒருமுறை நிறுவனத்தைக் காப்பாற்றியது, இன்னொருமுறை மூழ்கடிக்கப் பார்த்தது.

தக்கை ஆலையும் மூன்று சக்கர வண்டியும்

நிறுவனத்தை வளர்த்தவர் ஜூஜிரோ மட்சுதா (1875-1952). மீனவக் குடும்பத்தில் பன்னிரண்டாவது பிள்ளை. பதின்ம வயதிலேயே ஊரை விட்டு ஒசாகாவுக்குச் சென்று கொல்லுப்பட்டறையில் தொழில் கற்றவர். நீரேற்றும் பம்பு ஒன்றைத் தாமே வடிவமைத்துப் பெயர் பெற்றார். 1920-இல் தொடங்கப்பட்ட 'டோயோ தக்கைத் தொழிலகம்' விரைவிலேயே தள்ளாடியது. 1921-இல் தலைமைப் பொறுப்பேற்ற மட்சுதா தக்கையை நம்பிப் பயனில்லை என்று கண்டு எந்திரக் கருவிகள் பக்கம் திரும்பினார். 1925-இல் ஆலையில் நேர்ந்த தீ விபத்தும் அந்த மாற்றத்தை விரைவுபடுத்தியது. 1927-இல் பெயரில் இருந்த 'தக்கை' நீங்கி, 'டோயோ கோக்யோ' ஆனது.

1931-இல் மஸ்டா-கோ என்ற மூன்று சக்கரச் சரக்கு வண்டி வெளிவந்தது. முன்னால் மோட்டார் சைக்கிள் போலக் கைப்பிடி, பின்னால் சரக்குப் பெட்டி, 482 சி.சி. எந்திரம். பின்னோக்கிச் செல்லும் கியரும் இருந்தது. நம் ஊரில் சரக்கு ஆட்டோ செய்யும் வேலையை அன்றைய ஜப்பானியக் கடைத்தெருக்களில் இது செய்தது. 1936-இல் ககோஷிமாவிலிருந்து டோக்கியோ வரை ஏறத்தாழ 2,700 கி.மீ. தூரம் விளம்பர அணிவகுப்பாகவே இவ்வண்டிகளை ஓட்டிக் காட்டினார்கள்.

'மஸ்டா' என்ற பெயர் பண்டைய பாரசீகத்தில் ஞானத்தின் கடவுளாக வணங்கப்பட்ட அகுரா மஸ்டாவிலிருந்து எடுக்கப்பட்டது. மட்சுதா என்ற குடும்பப் பெயரின் ஒலியும் அதில் கலந்திருக்கிறது. நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயராக அது மாறியதோ 1984-இல்தான்.

போர்க்காலத்தில் இதே ஆலை இராணுவத்துக்குத் துப்பாக்கிகள் செய்தது. நிறுவன வரலாறுகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் ஹிரோஷிமா அன்று இராணுவ நகரமாகவும் இருந்தது என்பதை மாணவர்கள் சேர்த்தே படிக்க வேண்டும்.

1945 ஆகஸ்ட் 6

அன்று ஜூஜிரோ மட்சுதாவுக்கு எழுபதாவது பிறந்த நாள். காலையிலேயே நகருக்குள் போய் முடிதிருத்தகத்தில் முதல் ஆளாக முடிவெட்டிக்கொண்டு திரும்பினார். 8.15 மணிக்கு அணுகுண்டு வெடித்தபோது அவர் அந்த இடத்தை விட்டு விலகியிருந்ததால் உயிர் தப்பினார். வெடிப்பு மையத்திலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில் இருந்த ஆலைக்கு இடையில் ஹிஜியாமா என்ற குன்று அரணாக நின்றது. கண்ணாடிகள் நொறுங்கின, கூரைகள் பெயர்ந்தன, ஆனால் கட்டடங்கள் நின்றன. நகருக்குள் வேறு பணிகளுக்குச் சென்றிருந்த ஊழியர்கள் பலர் திரும்பவில்லை.

காயமடைந்தவர்களுக்கு ஆலை வளாகத்திலேயே சிகிச்சை நடந்தது. அதே மாதத்தில் மாவட்ட அரசு அலுவலகமே இந்த ஆலைக்குள் குடிபெயர்ந்தது. 1946 நடுப்பகுதி வரை ஹிரோஷிமாவின் நிருவாகம் ஒரு வண்டித் தொழிற்சாலையிலிருந்து நடந்தது. இதற்கிடையே, குண்டு விழுந்து நான்கே மாதத்தில், 1945 டிசம்பரில் மூன்று சக்கர வண்டி உற்பத்தி மீண்டும் தொடங்கியது. முதலில் விரல்விட்டு எண்ணக்கூடிய வண்டிகள்தாம். ஆனால் இடிபாடுகளை அள்ளவும் மரமும் ஓடும் கொண்டுவரவும் அந்நகருக்கு அப்போது வேண்டியிருந்தவை இத்தகைய வண்டிகளே. 1949-இல் ஏற்றுமதி தொடங்கியபோது மஸ்டாவின் மூன்று சக்கர வண்டிகள் சென்ற நாடு இந்தியா.

ஹிரோஷிமாவுக்கும் இந்நிறுவனத்துக்கும் உள்ள உறவு இன்றும் அப்படியே இருக்கிறது. அந்நகரத்துப் பேஸ்பால் அணியின் பெயர் 'ஹிரோஷிமா டோயோ கார்ப்'. நடுவில் நிற்கும் 'டோயோ', நிறுவனத்தின் பழைய பெயர்.

சுழல் எந்திரம் என்ற சூதாட்டம்

1960-இல் மஸ்டாவின் முதல் மகிழுந்து ஆர்360 வந்தது. 356 சி.சி. எந்திரம் கொண்ட சின்னஞ்சிறு வண்டி. விலை 3 லட்சம் யென். நன்றாக விற்றது. ஆனால் அதே காலத்தில், நாட்டிலுள்ள வண்டி நிறுவனங்களை ஒன்றிணைத்துச் சில பெரிய குழுமங்களாக்கிவிடலாம் என்று ஜப்பானிய வணிக, தொழில் அமைச்சகம் எண்ணத் தொடங்கியிருந்தது. அப்படி நடந்தால் டோயோ கோக்யோ போன்ற சிறியவை பெரியவற்றால் விழுங்கப்படும். தனித்து நிற்க வேண்டுமானால் மற்றவரிடம் இல்லாத ஒரு நுட்பம் கையில் இருக்க வேண்டும். ஜூஜிரோவின் மகனும் அப்போதைய தலைவருமான சுனெஜி மட்சுதா, ஜெர்மனியின் என்.எஸ்.யு. நிறுவனத்திடமிருந்து ஃபெலிக்ஸ் வாங்கலின் சுழல் எந்திரத்துக்கு உரிமம் வாங்கியது இதற்காகத்தான். 1961-இல் அது நடைமுறைக்கு வந்தது.

சாதாரண எந்திரத்தில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அந்த ஓட்டத்தைக் கிராங்குத் தண்டு சுழற்சியாக மாற்றுகிறது. சுழல் எந்திரத்தில் பிஸ்டனே இல்லை. இரண்டு பருப்புள்ள நிலக்கடலை ஓட்டைப் போன்ற ஓர் அறை. அதனுள் பக்கங்கள் சற்றுப் புடைத்த முக்கோண உருளை ஒன்று சுற்றுகிறது. உருளையின் மூன்று முனைகளும் எப்போதும் அறைச் சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். எனவே மூன்று பக்கங்களிலும் மூன்று தனி அறைகள் உருவாகி, விரிந்து, சுருங்குகின்றன. உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றல் ஆகிய நான்கும் ஒரே சுற்றுக்குள் மூன்று பக்கங்களிலும் அடுத்தடுத்து நிகழ்கின்றன. வால்வுகள் வேண்டியதில்லை. எடை குறைவு, அதிர்வும் மிகக் குறைவு.

இதெல்லாம் காகிதத்தில். உண்மையில் என்.எஸ்.யு. அனுப்பிய மாதிரி எந்திரம் வெள்ளைப் புகை கக்கியது, எண்ணெயைக் குடித்தது. மிகப் பெரிய சிக்கல் முனைகளில் இருந்தது. முக்கோணத்தின் முனைகளில் பொருத்தப்பட்ட அடைப்புப் பட்டைகள் வேகமாகச் சுழலும்போது அதிர்ந்து, அறைச் சுவரில் வரிவரியாகக் கீறல் போட்டன. ஹிரோஷிமா பொறியாளர்கள் இவற்றைப் 'பேயின் நகக்கீறல்' என்றார்கள்.

இதைத் தீர்க்க 1963-இல் கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பேர் கொண்ட குழு அமைந்தது. ஜப்பானிய வரலாற்றில் தலைவனுக்காக உயிர்விட்ட 47 வீரர்களின் கதை அந்நாட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். எண்ணிக்கை ஒத்திருந்ததை யமமோட்டோ தம் குழுவினரிடம் சொல்லிக் காட்டினார். இவர் போர் முடிந்த பின் இதே ஆலையில் மூன்று சக்கர வண்டிக்குக் கியர்ப் பெட்டி பூட்டும் தொழிலாளியாகச் சேர்ந்து மேலே வந்தவர். பிற்காலத்தில் நிறுவனத் தலைவராகவும் ஆனார். பட்டைகளுக்காக அவர்கள் சோதிக்காத பொருள் இல்லை, விலங்கு எலும்பு உட்பட. இறுதியில் கரிமத்தில் அலுமினியத்தை ஊறச்செய்து உருவாக்கிய பட்டை கீறல் போடாமல் தாங்கியது.

1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. 491 சி.சி. அறைகள் இரண்டு, 110 குதிரைத்திறன். மொத்தம் செய்தவை ஏறத்தாழ 1,200 வண்டிகள்தாம். மறு ஆண்டு ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் தடத்தில் 84 மணி நேர நெடும்போட்டிக்கு இரண்டு காஸ்மோக்களை அனுப்பினார்கள். ஒன்று 82-ஆவது மணியில் அச்சு பழுதாகி நின்றது. மற்றது நான்காவதாக முடித்தது. சுழல் எந்திரம் நெடுந்தூரம் தாங்காது என்றவர்களுக்கு அதுவே பதில். உரிமம் கொடுத்த என்.எஸ்.யு. தன் ரோ 80 காரின் எந்திரக் கோளாறுகளால் நொடித்து, வேறொரு குழுமத்துக்குள் மறைந்தது. வாங்கியவர் நிலைத்தார், விற்றவர் மறைந்தார்.

1973-க்குப் பிறகு

சுழல் எந்திரத்தின் தீராத குறை எரிபொருள். அறை நீண்டு தட்டையாக இருப்பதால் கலவை முழுவதும் எரிவதில்லை, வெப்பமும் சுவர் வழியே வீணாகிறது. பெட்ரோல் மலிவாக இருந்தவரை அமெரிக்கர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. நகர ஓட்டத்தில் மஸ்டா லிட்டருக்கு நாலரைக் கிலோமீட்டர் அளவே தருகிறது என்ற அமெரிக்க அரசின் சோதனை முடிவும் செய்தித்தாள்களில் வந்துவிட்டது. விற்பனை சரிந்து, விற்காத வண்டிகள் தேங்கின.

அப்போது நடந்ததை நான் இந்த வரலாற்றின் சிறந்த பகுதி என்பேன். கடன் கொடுத்த சுமிடோமோ வங்கி நிறுவனத்தை மூட விடாமல் தன் ஆட்களை நிருவாகத்தில் அமர்த்தியது. உற்பத்தி குறைந்ததால் வேலையற்றிருந்த ஆலைத் தொழிலாளர்களை, வீட்டுக்கு அனுப்பாமல், முறைவைத்து நாடெங்கும் விற்பனை நிலையங்களுக்கு அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கானோர் கையில் ஸ்பேனர் பிடித்த பழக்கத்தோடு வீடு வீடாகப் போய்க் கார் விற்றார்கள். 1977-இல் மட்சுதா குடும்பத்தின் மூன்றாம் தலைமுறைத் தலைவர் கோஹெய் மட்சுதா பதவி விலகினார். 1979-இல் அமெரிக்க ஃபோர்டு 25 விழுக்காடு பங்குகளை வாங்கியது. சாதாரண எந்திரம் கொண்ட ஃபெமிலியா வீட்டுச் செலவைப் பார்த்துக்கொண்டது. 1980-இல் வந்த அதன் புதிய வடிவம், ஜப்பானின் ஆண்டின் சிறந்த கார் விருதை முதன்முதலாகப் பெற்றது.

சுழல் எந்திரத்தைக் கைவிடும்படி பலரும் சொன்னார்கள். யமமோட்டோ குழு எரிபொருள் சிக்கனத்தை 40 விழுக்காடு உயர்த்தும் திட்டத்துக்கு, சாம்பலிலிருந்து எழும் பீனிக்ஸ் பறவையின் பெயரைச் சூட்டியது. 1978-இல் ஆர்எக்ஸ்-7 வந்தது. மூன்று தலைமுறைகளில், 2002 வரை, எட்டு லட்சத்துக்கும் அதிகமாக விற்றது. 1991 ஜூனில் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் நான்கு உருளைகள் கொண்ட மஸ்டா 787பி 362 சுற்றுகள் ஓடி வென்றது. அப்பந்தயத்தை வென்ற முதல் ஜப்பானிய வண்டி அது. கடைசிக் கட்டத்தை ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் நீர்ச்சத்துக் குறைந்து மயங்கியதால் வெற்றி மேடையில் ஏற முடியவில்லை.

1996-இல் ஃபோர்டின் பங்கு 33.4 விழுக்காடாக உயர்ந்தது. ஹென்றி வாலஸ் தலைவரானார். பெரிய ஜப்பானியக் கார் நிறுவனம் ஒன்றுக்கு வெளிநாட்டவர் தலைமையேற்றது அதுவே முதல்முறை. 2008 நிதி நெருக்கடியில் ஃபோர்டு பங்குகளை விற்கத் தொடங்கி 2015-க்குள் முழுவதும் விலகியது. இப்போது டொயோட்டாவிடம் ஐந்து விழுக்காடு அளவு பங்கு உள்ளது.

இந்தியாவில் மஸ்டா தன் பெயரில் கார் விற்றதில்லை. ஆனால் 1983-இல் பஞ்சாபில் அமைந்த சுவராஜ் மஸ்டா கூட்டு நிறுவனத்தின் வேன்களும் சிற்றுந்துகளும் தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளையும் கல்யாணக் கூட்டத்தையும் ஏராளமாகச் சுமந்துள்ளன. இலங்கையில் ஃபெமிலியா பழக்கமான பெயர்.

ஓட்டியவர்கள் சொல்வது

சுழல் எந்திர வண்டி வைத்திருப்போர் பேசும் பேச்சே தனி. எந்திரத்தின் வழுவழுப்பை எல்லாரும் புகழ்வர். 2003-இல் வந்த ஆர்எக்ஸ்-8 நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை தயங்காமல் ஏறும். அடுத்த மூச்சில் கட்டுப்பாடுகளைச் சொல்வர்: குளிர்ந்த எந்திரத்தை இயக்கிச் சற்றே நகர்த்திவிட்டு அணைக்காதே, பெட்ரோலில் நனைந்து மறுபடி கிளம்பாது. பெட்ரோல் போடும்போதெல்லாம் எண்ணெய் அளவைப் பார், ஏனெனில் பட்டைகளை வழுக்க வைக்க எண்ணெயை எரிப்பது அதன் இயல்பு. பழையதை வாங்குமுன் அழுத்தச் சோதனை செய்யாமல் பணம் கொடுக்காதே. இவ்வளவையும் சொல்லிவிட்டு வண்டியை விற்க மனமில்லை என்று முடிப்பார்கள்.

1989-இல் வந்த எம்எக்ஸ்-5 வேறு ரகம். கூரையைத் திறந்து ஓட்டும் இருவர் இருக்கை வண்டி, 1.6 லிட்டர் எந்திரம், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. மியாட்டா என்றும் அழைக்கப்படும் இது 2016-இல் பத்து லட்சம் எண்ணிக்கையைத் தொட்டது. குதிரையும் வீரனும் ஓருடல் என்னும் ஜப்பானியத் தொடரையே இதன் வடிவமைப்புக் கொள்கையாக வைத்தனர். கியர் கோல் மணிக்கட்டு அசைவிலேயே விழும், சட்டப்படியான வேகத்திலேயே வளைவுகள் இன்பம் தரும் என்பது உரிமையாளர்களின் பொதுக் கருத்து. உயரமானவர் தலை இடிக்கும், சாமான் வைக்க இடமில்லை, கதவுக்குக் கீழுள்ள தகடு துருப்பிடிக்கும், முதல் தலைமுறையின் நெகிழிப் பின்கண்ணாடி மங்கிக் கிழியும் என்ற குறைகளும் உண்டு. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் 2000-களின் மஸ்டா குடும்பக் கார்கள் துருவுக்குப் பேர்போனவை. 2012 முதல் வந்த சிஎக்ஸ்-5 முதலான வண்டிகளில் திசைமாற்றியின் நேர்த்தியைப் பாராட்டுபவர்கள் சாலை இரைச்சலைக் குறை கூறுகிறார்கள்.

ஆர்எக்ஸ்-8 2012-இல் நின்றது. 2023-இல் எம்எக்ஸ்-30 வண்டியின் ஒரு வகையில் 830 சி.சி. ஒற்றை உருளைச் சுழல் எந்திரம் திரும்ப வந்தது. சக்கரத்தை அது சுழற்றுவதில்லை, மின்கலத்துக்கு மின்சாரம் ஆக்கித் தருவதோடு சரி. பழைய வண்டிகளையும் நிறுவனம் மறக்கவில்லை. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 உரிமையாளர்களுக்காக ஜப்பானில் சீரமைப்புப் பணி தொடங்கி, உற்பத்தி நின்றுபோன உதிரிபாகங்களையும் மீண்டும் செய்து தருகிறது. அவற்றில் 1989-இல் இருந்த அதே கோடுகள் கொண்ட டயரும் ஒன்று.