கே.கே. நகரிலிருந்து துவாக்குடி வரை: நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் ஆய்வுக்கூடங்கள்

திருச்சி கே.கே. நகர், காஜாமலை, காஜா நகர் பக்கம் நம் வீடுகளில் பொறியியல் படித்த பிள்ளைகள் இப்போது பரவலாக இருக்கிறார்கள். பி.இ. முடித்த கையோடு மகனுக்கு பாஸ்போர்ட், சபர். மகளுக்கு நிக்காஹ் பேச்சு என்று காரியங்கள் வேகமாக நடந்துவிடுகின்றன. யாராவது ஒரு பிள்ளை "நான் ஆராய்ச்சி செய்யப் போகிறேன்" என்று சொன்னால் அத்தாவும் அம்மாவும் முதலில் கேட்பது, "இன்னும் எத்தனை வருஷம் நாங்கள் ஃபீஸ் கட்ட வேண்டும்?" என்பதுதான். இந்தக் கேள்விக்கான பதில் பல குடும்பங்களுக்குத் தெரியாது என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறோம். கணினி, கட்டுப்பாட்டுப் பொறியியல் போன்ற துறைகளில் முழுநேர ஆய்வாளராகச் சேரும் மாணவருக்கு, தகுதித் தேர்வில் தேறினால், அரசு மாதாமாதம் பணம் தருகிறது.

என்னதான் ஆராய்கிறார்கள்?

கணினி ஆராய்ச்சி என்றால் ஓரளவு புரிகிறது. 'கன்ட்ரோல் சிஸ்டம்' என்றால் என்ன? நம் வீட்டு மாடித் தொட்டியில் இருக்கும் பந்து வால்வே அதற்கு எளிய உதாரணம். தண்ணீர் ஏறினால் பந்து உயர்ந்து குழாயை அடைக்கிறது, இறங்கினால் திறக்கிறது. அளந்து பார்த்து, வேண்டிய அளவோடு ஒப்பிட்டு, தானே திருத்திக்கொள்வதுதான் கட்டுப்பாட்டு அமைப்பு. பழங்கால அலெக்சாந்திரியாவில் தொடங்கிய இந்த மிதவை உத்தியை 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதின் பனூ மூசா சகோதரர்கள் மூவரும் வெகுதூரம் வளர்த்தார்கள். ஏறத்தாழ கி.பி. 850இல் அவர்கள் எழுதிய 'கிதாபுல் ஹியல்' நூலில் சுமார் நூறு கருவிகள் விவரிக்கப்பட்டுள்ளன. அதே காலத்து அல்-குவாரிஸ்மியின் பெயர்தான் இன்று 'அல்காரிதம்' என்று எல்லாக் கணினி வகுப்பிலும் ஒலிக்கிறது. மேடைகளில் இதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். நம் தெருவில் அந்தத் துறையில் ஆய்வு செய்பவர் யார் என்று கேட்டால்தான் பதில் சொல்லத் தடுமாறுகிறோம்.

திருச்சிக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பாய்லர். திருவெறும்பூரில் 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய பெல் ஆலை, அனல் மின் நிலையங்களுக்கான உயர் அழுத்த பாய்லர்களைச் செய்கிறது. பாய்லரின் மேலே 'டிரம்' என்ற பெரிய உருளை இருக்கும். அதில் தண்ணீர் மட்டம் குறைந்தால் குழாய்கள் காய்ந்து வெடிக்கலாம். கூடினால் தண்ணீர் நீராவியோடு போய் டர்பைனைக் கெடுக்கும். இங்கே ஒரு விசித்திரம் உண்டு. திடீரென்று அதிக நீராவி இழுக்கப்பட்டால் டிரம்மில் அழுத்தம் இறங்கி, குமிழிகள் விரிந்து, தண்ணீர் மட்டம் ஏறுவதுபோல் காட்டும். அடுப்பில் இருக்கும் குக்கரின் விசிலைத் தூக்கிவிட்டால் உள்ளே நுரைத்துப் பொங்குகிறதே, அதே கதை. உண்மையில் தண்ணீர் குறைந்துகொண்டிருக்கிறது. மட்டத்தை மட்டும் பார்க்கும் கருவி ஏமாந்துபோய் வரத்து நீரைக் குறைத்துவிடும். அதனால் மட்டம், வெளியேறும் நீராவி, உள்ளே வரும் நீர் ஆகிய மூன்றையும் சேர்த்து அளந்து முடிவெடுக்கும் முறை வந்தது. அதை இன்னும் நுட்பமாக்குவது எப்படி என்பது இன்றும் ஆய்வுக்குரிய கேள்விதான்.

தமிழ்நாட்டின் பல கல்லூரி ஆய்வகங்களில் கூம்பு வடிவத் தொட்டி ஒன்றைப் பார்க்கலாம். புனல் போன்ற அந்தத் தொட்டியின் குறுகிய அடிப்பகுதியில் ஒரு குவளை ஊற்றினால் மட்டம் சரசரவென்று ஏறும். அகன்ற மேல்பகுதியில் அதே குவளை நீர் மட்டத்தை அசைக்கவே அசைக்காது. அடியில் சரியாக வேலை செய்யும் கன்ட்ரோலர் மேலே சோம்பிப்போகும். பார்க்க விளையாட்டுச் சாமான் போலத் தெரிந்தாலும், இதைச் சமாளிக்கத் தெரிந்தவருக்கு ரசாயன ஆலை, மருந்து ஆலை, சுத்திகரிப்பு நிலையம் எல்லாவற்றிலும் வேலை உண்டு. வளைகுடாவின் எண்ணெய் நிறுவனங்களுக்குத் தேவைப்படும் 'இன்ஸ்ட்ருமென்டேஷன்' பொறியாளர்கள் படிப்பதும் இதே பாடம்தான்.

ஒரு வால்வு என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்கள் 1979 ஆகஸ்ட் 10ஐ நினைத்துப் பார்க்கலாம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்த அப்துல் கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ராக்கெட் அன்று முதன்முறையாகப் பறந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு செயலிழந்து, 317 வினாடிகளில் வங்கக் கடலில் விழுந்தது. பழுதைக் கண்டுபிடித்துத் திருத்தி, 1980 ஜூலை 18இல் ரோகிணி செயற்கைக்கோளை அதே வகை ராக்கெட் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அதே கலாம் எம்.ஐ.டி.யில் சேர்வதற்கான கட்டணத்துக்கு அவருடைய சகோதரி ஜோஹரா தன் நகைகளை அடகு வைத்தார் என்பதும் பலரும் அறிந்ததே. இன்று ஆராய்ச்சிக்கு நகை அடகு வைக்க வேண்டியதில்லை.

அருகில் எங்கே இருக்கிறது?

காஜா நகரில் 1951இல் தொடங்கப்பட்ட ஜமால் முகமது கல்லூரி நம் சமுதாயம் உருவாக்கிய நிறுவனம். அதன் கணினி அறிவியல் துறை முதுகலையோடு முனைவர் பட்ட ஆய்வும் நடத்தும் துறை. எம்.எஸ்சி., எம்.சி.ஏ. முடித்த பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் இது இருக்கிறது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்குக் காஜாமலையில் வளாகம் உண்டு. விமான நிலையம் தாண்டிப் புதுக்கோட்டை சாலையில் அண்ணா பல்கலைக்கழக வளாகம், 2013இல் தொடங்கப்பட்டு இப்போது சேதுராப்பட்டியில் இயங்கும் ஐ.ஐ.ஐ.டி. என்று இன்னும் இரண்டு இடங்கள்.

இவை எல்லாவற்றிலும் பெரியது துவாக்குடி என்.ஐ.டி. தஞ்சாவூர் சாலையில், மத்திய பேருந்து நிலையத்திலிருந்து சுமார் 20 கி.மீ. 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2003இல் என்.ஐ.டி. ஆனது. கருவியியல் மற்றும் கட்டுப்பாட்டுப் பொறியியலுக்கென்றே அங்கே தனித்துறை இருக்கிறது. 2022 மே 25இல் அங்கு 'பரம் பொருள்' என்ற சூப்பர் கம்ப்யூட்டர் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் திறன் 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது ஒரு வினாடியில் 838 லட்சம் கோடி கணக்குகள். இவ்வளவு பெரிய வசதி பக்கத்தில் இருந்தும், அதன் வாசல் வழியாகத் தஞ்சாவூர் கல்யாணத்துக்குப் போய்வந்தவர்கள்தான் நம்மில் அதிகம்.

பணம் யார் தருவது?

எம்.டெக். படிக்க 'கேட்' தேர்வு எழுத வேண்டும். பி.இ. மூன்றாம் ஆண்டிலிருந்தே எழுதலாம், எம்.சி.ஏ. மாணவர்களும் எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். கேட் வழியாக என்.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் சேர்ந்தால் மாதம் ரூ.12,400 உதவித்தொகை. கட்டணத்துக்கும் விடுதிக்கும் அதில் பெரும்பகுதி போய்விடும் என்றாலும் வீட்டுக்குப் பாரம் குறைவு.

முனைவர் பட்டம் வேறு கணக்கு. மத்திய அரசின் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் ரூ.37,000, பிறகு ரூ.42,000. கணினி அறிவியலில் யு.ஜி.சி. நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். பெறுபவருக்கும் இதே தொகை. ஆரம்பநிலை ஐ.டி. வேலையில் பலருக்குக் கிடைக்கும் சம்பளத்தைவிட இது அதிகம். பகுதிநேரமாகப் பதிவு செய்பவர்களுக்கு மட்டும் இந்தத் தொகை கிடையாது.

சிறுபான்மை மாணவர்களுக்காக 2009 முதல் இருந்த மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டது. பிற திட்டங்களோடு ஒத்திருக்கிறது என்று அரசு காரணம் சொன்னது. நம் கருத்தில் இது பெரிய இழப்பே. குறிப்பாகக் கலைப் பாடங்களில் ஆய்வு செய்யும் பிள்ளைகளுக்கு. ஆனால் அது நின்றதோடு எல்லாக் கதவும் அடைபட்டதாக நினைத்துப் பொறியியல் பிள்ளைகள் ஒதுங்கத் தேவையில்லை. கேட், நெட் வழிகள் அப்படியே இருக்கின்றன.

பெண் பிள்ளைகள்

யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. பல்கலைக்கழகம் அனுமதித்தால் மறுபதிவு செய்து மேலும் இரண்டு ஆண்டு பெறலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு. மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் எடுக்கலாம். ஜே.ஆர்.எஃப். வயது வரம்பிலும் பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு இருக்கிறது. என்.ஐ.டி.களுக்குத் தனி விதிகள் என்பதால் அங்கே சேருமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். திருமணத்துக்குப் பிறகும் தொடரக்கூடிய படிப்பு இது என்பதை சம்பந்தம் பேசும் நேரத்திலேயே இரு வீட்டாரும் பேசி முடித்துக்கொள்வது நல்லது. பாதியில் நின்றுபோகும் ஆய்வுகளில் பல, அறிவுக் குறைவால் நிற்பதில்லை.

சேருமுன் கவனிக்க

வழிகாட்டியாக வரும் பேராசிரியர் கடந்த ஐந்து ஆண்டுகளில் என்ன கட்டுரைகள் வெளியிட்டார், அவரிடம் எத்தனை பேர் முடித்தார்கள் என்று பாருங்கள். அவருடைய மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசினால் இன்னும் தெளிவாகத் தெரியும். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை வெளியிடும் இதழ்களும், ஆய்வேட்டையே எழுதித்தரும் கடைகளும் ஊருக்கு ஊர் முளைத்திருக்கின்றன. அந்தப் பக்கம் போன பட்டம் பின்னாளில் பறிபோகலாம்.

சான்றிதழிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். தமிழக அரசின் பி.சி.எம். சாதிச் சான்றிதழ் என்.ஐ.டி. கலந்தாய்வில் செல்லாது. மத்தியப் பட்டியலின்படி ஓ.பி.சி. கிரீமிலேயர் அல்லாதோர் சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை சமூகத்தினர் தமிழ்நாட்டுக்கான அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். 27 சதவீத இடஒதுக்கீடு அதன் வழியாகத்தான் கிடைக்கும். அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். எனவே கேட் முடிவு வரும் மார்ச்சிலேயே தேவையான ஆவணங்களைச் சேகரித்து, ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.