சென்னையில் திறமூல அறிவியல் மென்பொருள் சமூகம்: தோற்றமும் தொடர்ச்சியும் (1998–2019)

ஆய்வுச் சுருக்கம்

திறமூல அறிவியல் மென்பொருளைச் சுற்றி ஒரு சமூகம் உருவாவதற்கும் நிலைப்பதற்கும் உரிய காரணங்களைத் தென்சென்னையின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. சென்னை லினக்ஸ் பயனர் குழு, சென்னையில் உருவான ‘மாயாவி’ மென்பொருள், அரசுத் திட்டங்கள் ஆகிய மூன்றும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. நாளும் இடமும் மாறாத திறந்த கூட்டங்கள் ஆட்களை உருவாக்கின. மென்பொருளைப் பராமரிக்கும் பொறுப்புக்கோ கல்வி நிறுவனங்களில் உரிய இடம் அமையவில்லை என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: திறமூல மென்பொருள், லினக்ஸ் பயனர் குழு, மாயாவி, பைத்தான், பராமரிப்பு.

முன்னுரை

இன்றைய அறிவியல் ஆய்வில் மென்பொருள், நுண்ணோக்கிக்கு இணையான கருவியாகிவிட்டது. அதன் மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் திறமூல உரிமம் இசைவளிக்கிறது. எனினும், உரிமம் நிரலைத் திறந்துவைக்குமேயன்றி அதனைக் காக்காது. பிழைகளைக் களைதல், புதிய இயங்குதளங்களுக்கு ஏற்ப மாற்றுதல், புதியவர்க்குக் கற்பித்தல் ஆகிய பணிகளுக்கு ஆட்கள் வேண்டும். அத்தகையோர் எவ்வாறு ஒன்றுசேர்ந்தனர், எதனால் நீடித்தனர் என்னும் வினாக்களுக்குச் சென்னையின் பட்டறிவு விடை தருகிறது.

மயிலாப்பூரின் முன்னோடி

நிறுவனத்திற்கு முன்பே கூட்டம் தோன்றுவது தென்சென்னையின் அறிவு வரலாற்றில் புதிதன்று. 1950களின் இறுதியில் இயற்பியலறிஞர் அல்லாடி இராமகிருஷ்ணன், மயிலாப்பூர் லஸ் பகுதியிலிருந்த தம் குடும்ப இல்லமாகிய ‘ஏகாம்ர நிவாஸ’த்தில் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கைத் தொடங்கினார். 1960இல் சென்னைக்கு வந்த நீல்ஸ் போர் அம்முயற்சியைப் பாராட்டினார். பின்னர்ப் பிரதமர் நேருவின் ஆதரவு கிட்டியது. 1962 ஜனவரி 3ஆம் நாள் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பெற்றது. இன்று அது தரமணியில் இயங்குகிறது.

வீட்டுக் கூடத்தில் நடந்த உரையாடல் ஆய்வு நிறுவனமாக வளர்ந்த இந்நிகழ்வு ஒப்பீட்டிற்கு உதவும். இங்கு ஆய்வாளருக்குப் பதவியும் நூலகமும் கட்டடமும் அமைந்தன. மென்பொருள் சமூகத்திற்கு இத்தகைய வளர்ச்சி வாய்த்ததா என்பதே அடுத்து எழும் வினா.

இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பு 1995 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. தொலைபேசிவழி இணைப்பு மெதுவாகவும் செலவு மிகுந்ததாகவும் இருந்த அந்நாளில், கணினி இதழ்களுடன் வந்த குறுந்தட்டுகளின் வழியாகவே பலர் லினக்ஸை அறிந்தனர். நிறுவுவதில் எழும் சிக்கல்களுக்கு அருகிலிருந்து விடைகூறுவார் தேவைப்பட்டனர். இச்சூழலில் 1998இல் சென்னை லினக்ஸ் பயனர் குழு தோன்றியது. அதனைத் தொடங்கியவர்களுள் ஒருவர், பின்னர் மாயாவியை உருவாக்கிய பிரபு இராமச்சந்திரன்.

இக்குழுவின் மாதக் கூட்டம் நெடுங்காலம் இரண்டாம் சனிக்கிழமைகளில், அடையாற்றை அடுத்த சென்னை ஐஐடி வளாகத்தில், கஜேந்திரா சர்க்கிள் அருகிலுள்ள விண்வெளிப் பொறியியல் துறையின் வகுப்பறையில் நடைபெற்றது. மாணவரும் பணியாளரும் ஒருங்கே அமர்ந்தனர். இவ்வேற்பாட்டில் மூன்று கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, நாள் மாறாமை: ஒரு மாதம் வர இயலாதவர் அடுத்த கூட்டத்தை எவரையும் கேளாமலே அறிவார். இரண்டாவது, இடம் மாறாமை: வகுப்பறை கிடைத்தமையால் வாடகைச் சுமை இல்லை. மூன்றாவது, தகுதி வினவாமை: பட்டமோ பதவியோ நுழைவுக்கு அளவுகோலாகவில்லை. பெருநிதி ஏதுமின்றி ஒரு தன்னார்வக் குழு பல்லாண்டுகள் இயங்கியதற்கு இம்மூன்றும் அடிப்படை எனலாம்.

மாயாவி: ஆய்வு மாணவரின் கருவி

பாய்ம இயக்கவியல் கணக்கீடுகளின் விளைவு, முப்பரிமாண வெளியில் பரந்த எண்களின் திரள். அவற்றைப் படமாக்கிக் காணாமல் பொருள் கொள்ள இயலாது. இத்தேவைக்காகச் சென்னை ஐஐடியின் விண்வெளிப் பொறியியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்ட பிரபு இராமச்சந்திரன், மாயாவி என்னும் காட்சிப்படுத்தல் மென்பொருளை உருவாக்கினார். விடிகே என்னும் திறமூல நிரல்தொகுப்பின் மீது பைத்தான் மொழியில் அது எழுதப்பட்டது. விடிகேயின் ஆற்றலை நிரலாக்கத்தில் தேர்ச்சியில்லாத ஆய்வாளரும் பயன்படுத்த வழிசெய்ததே அதன் சிறப்பு. 2001இல் இந்திய வானூர்தியியல் கழகத்தின் கணிப்பியப் பாய்ம இயக்கவியல் கருத்தரங்கில் இதுபற்றிய கட்டுரை வெளிவந்தது.

பின்னர், அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலுள்ள என்தாட் நிறுவனத்தின் ஆதரவுடன் மாயாவி முற்றிலும் புதிதாக எழுதப்பட்டது. அதன் ஆசிரியர் மும்பை ஐஐடியில் பேராசிரியரானார். பிரான்சு நாட்டு ஆய்வாளர் கேயல் வாரோக்கோவுடன் இணைந்து அவர் எழுதிய விரிவான ஆய்வுக்கட்டுரை 2011இல் வெளியாயிற்று. இவ்விரு ஆண்டுகளுக்கு இடைப்பட்ட பத்தாண்டு உழைப்பின் பெரும்பகுதி பிழைதிருத்தம், ஆவணமாக்கம், பயனர் வினாக்களுக்கு விடையளித்தல் போன்றவையாகவே அமையும். கட்டுரைகளை எண்ணும் மதிப்பீட்டு முறையில் இவை இடம்பெறுவதில்லை. சென்னையில் பிறந்த கருவி உலகெங்கும் பரவியது; அதனைத் தொடர்ந்து பேணுவதற்கான பணியிடம் இந்நகரில் உருவாகவில்லை. ஏகாம்ர நிவாஸக் கருத்தரங்கிற்குக் கிட்டிய நிறுவன வடிவம் மென்பொருள் பராமரிப்புக்குக் கிட்டவில்லை என்பது இவ்வொப்பீட்டால் புலனாகிறது.

அரசுத் திட்டங்களும் தன்னார்வமும்

அரசு இத்துறையைப் புறக்கணித்தது என்று கூறுவதற்கில்லை. 2005இல் கட்டற்ற, திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையம், அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை வளாகத்திலுள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையத்தையும் சென்னை சிடாக் நிறுவனத்தையும் கொண்டு தொடங்கப்பெற்றது. சிடாக் ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை வெளியிட்டது. ஆயினும், திட்டங்கள் கால வரையறைக்கு உட்பட்டவை. மென்பொருளின் தேவையோ திட்டக் காலத்துடன் முடிவதில்லை.

திட்டத்தையும் சமூகத்தையும் இணைத்தவர்கள் சிலரே. நீலகிரியில் வாழ்ந்து, அவ்வள மையத்திலும் சென்னைக் குழுவிலும் பணியாற்றிய கென்னத் கொன்சால்வஸ் அவர்களுள் ஒருவர். அவர் 2012இல் மறைந்தார். அவர் பெயரால் இந்தியப் பைத்தான் மாநாட்டில் நிறுவப்பட்ட விருது 2014இல் பிரபு இராமச்சந்திரனுக்கு வழங்கப்பட்டது. 2009இல் பெங்களூரில் தொடங்கிய அம்மாநாடு 2019இல் சென்னை நந்தம்பாக்கத்தில் நடைபெற்றது. சென்னைப் பைத்தான் குழுவின் மாதக் கூட்டங்கள் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் நடந்துள்ளன. மயிலாப்பூரில் முளைத்த நிறுவனமே பிற்காலத் தன்னார்வக் குழுவொன்றுக்கு இடமளித்தது குறிப்பிடத்தக்கது.

தமிழாய்வுக்கு உள்ள தொடர்பு

இவ்வரலாறு பொறியியல் துறைக்கு மட்டும் உரியதன்று. ‘தமிழ்’ என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன. யூனிகோடு முறையிலோ அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகப் பதிவாகிறது. எனவே பொதுவான நிரல் ஒன்று இச்சொல்லின் நீளத்தை ஐந்து என்றே கணக்கிடும். யாப்பாய்விலோ எழுத்துப் புள்ளியியலிலோ இவ்வாறு கணக்கிடின் முடிவுகள் பிழைபடும். இத்தகைய குறையைத் தீர்க்கும் ‘ஓப்பன் தமிழ்’ என்னும் பைத்தான் நிரல்தொகுப்பும் தன்னார்வலர் உழைப்பால் இயங்குவதே. 2012இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் அறிவைத் தமிழில் வழங்கி, புதியவர் நுழைவதற்கான வாயிலை விரிவாக்கியது. தமிழாய்வாளர் இக்கருவிகளைப் பயன்படுத்தி, அவற்றின் பெயரையும் பதிப்பு எண்ணையும் கட்டுரையில் குறிப்பிடாது விடுவரேல், அவற்றைப் பேணுவோரின் உழைப்பு கல்வியுலகின் கண்ணுக்குப் புலப்படாது போகும். ஆய்வு முடிவைப் பிறர் சரிபார்ப்பதும் அரிதாகும்.

முடிவுரை

சென்னையின் பட்டறிவிலிருந்து இரு முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, சமூகம் உருவாவதற்கு மாறாத நாளும், திறந்த அறையும், தகுதி வினவாத வரவேற்பும் போதுமானவை. ஒரு கல்லூரித் துறை ஒரு வகுப்பறையை மாதம் ஒருமுறை திறந்துவைத்தாலே இவை கைகூடும். இரண்டாவது, உருவான மென்பொருள் நிலைப்பதற்கு இவை போதா. பராமரிப்பை ஆய்வுப் பணியாக ஏற்று, பணியுயர்விலும் ஆய்வேட்டு மதிப்பீட்டிலும் அதற்கு இடமளித்தல் வேண்டும். முதலாவதைத் தன்னார்வலர் செய்து காட்டிவிட்டனர். இரண்டாவது பல்கலைக்கழகங்களின் பொறுப்பாக எஞ்சி நிற்கிறது.