கக்குவானும் கண்ணாடித் தட்டும்

முடிசூட்டு விழாக்களுக்கும் முற்றுகைகளுக்கும் வரலாற்று நூல்களில் இடம் உண்டு. கோட்டை விழுந்த நாளை ஆண்டும் திங்களும் தவறாமல் குறித்து வைத்திருக்கிறார்கள். நள்ளிரவில் விளக்கைத் தூண்டிவிட்டு, இருமி இருமி முகம் நீலம் பாய்ந்த குழந்தையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, அடுத்த மூச்சு வருமா வராதா என்று தாய்மார் காத்திருந்த இரவுகளுக்கோ கல்வெட்டு இல்லை, செப்பேடும் இல்லை. மாணவ நேயர்களே, அத்தகைய இரவுகளின் வரலாற்றில் ஒரு பகுதியையே இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

குழந்தைகள் இரவில் இருமுவது புதிதன்று. சளி பிடித்த குழந்தை படுத்தவுடன், மூக்கில் ஊறும் நீர் பின்புறமாகத் தொண்டைக்குள் இறங்குகிறது. அதனை வெளியேற்ற உடல் இருமுகிறது. பெரும்பாலும் சில நாட்களில் அது தானே அடங்கிவிடும். அவ்வாறு அடங்காத இருமல் ஒன்று உண்டு. முதல் இரண்டு வாரம் சாதாரணச் சளி போலவே தோன்றும். பின்னர் ஒரே மூச்சில் பத்து முறை, பதினைந்து முறை தொடர்ந்து இருமல் எழும். உள்ளிருந்த காற்றெல்லாம் தீர்ந்தபின் குழந்தை மூச்சை உள்ளிழுக்கும்போது கூவுவது போன்ற ஓர் ஒலி பிறக்கும். இறுதியில் உண்டதெல்லாம் வெளியே வரும். இரவில் இதன் கொடுமை மிகுதி. தமிழில் இதற்குக் கக்குவான் என்று பெயர். கக்குதல் என்னும் வினையே அப்பெயரில் ஒலிக்கிறது. சீனரும் சப்பானியரும் இதனை நூறு நாள் இருமல் என்கின்றனர். நம்மவர் நோயின் இறுதியைக் கண்டு பெயரிட்டனர். அவர்கள் நாட்களை எண்ணிப் பெயரிட்டனர். இரண்டும் உற்று நோக்கியவர் இட்ட பெயர்களே. மிகச் சிறிய கைக்குழந்தைகளிடம் அந்தக் கூவல்கூடக் கேட்பதில்லை. மூச்சு நின்றுவிடுவதே அங்கு அடையாளம் ஆகிவிடுகிறது. ஆதலால் இந்நோய்க்குப் பலியானவர்களுள் பெரும்பாலோர் ஓராண்டு நிரம்பாத சிசுக்களே.

மேனாட்டில் இந்நோயைத் தெளிவாக எழுதி வைத்தவர் கியோம் தெ பாயு என்னும் பிரெஞ்சு மருத்துவர். 1578-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் குழந்தைகளை வாட்டிய இருமலை அவர் விவரித்தார். அந்த எழுத்து அச்சேறியது 1640-இல். அப்போது அவர் இறந்து இருபத்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. 17-ஆம் நூற்றாண்டிலேயே சிடன்ஹாம் என்ற ஆங்கில மருத்துவர் இதற்குப் பெர்ட்டஸிஸ் என்னும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். கடுமையான இருமல் என்பதே அதன் பொருள். பெயர் கிடைத்ததேயன்றி மருந்து கிடைக்கவில்லை.

மருந்து இல்லாத இடத்தில் மனிதர் கைகட்டி இருப்பதில்லை. இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் இருமும் குழந்தையைக் கழுதையின் வயிற்றின் கீழே நுழைத்து எடுத்தனர். சுட்ட எலியை உண்ணக் கொடுத்தனர். நகரங்களில் நிலக்கரி வாயு தயாரிக்கும் ஆலைகளுக்குக் குழந்தைகளை அழைத்துச் சென்று தாரின் புகையை முகரச் செய்தனர். படித்தவர்கள் இவற்றைப் பார்த்து நகைத்திருக்கலாம். ஆனால் படித்தவர்களின் புட்டிகளில் இருந்தது அபினி. அபினி கலந்த பாகுகள் குழந்தையை உறங்கவைத்தன. சில குழந்தைகள் பின்னர் விழிக்கவே இல்லை. 1898-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் இருமல் மருந்தாக விற்பனைக்குக் கொண்டுவந்த பொருளின் பெயர் ஹெராயின் என்றால் இன்று நம்புவது அரிது. கழுதையின் வயிற்றின் கீழே நுழைந்த குழந்தைக்குத் தீங்கேனும் நேரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது! 20-ஆம் நூற்றாண்டிலும் இந்த முயற்சிகள் ஓயவில்லை. கக்குவான் கண்ட குழந்தைகளை விமானத்தில் ஏற்றி, உயரத்தில் பறக்கவிட்டு இறக்கும் வழக்கம் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் இருந்தது.

நோய்க்குக் காரணமான நுண்கிருமியை வளர்த்துக் காட்டியவர்கள் பெல்ஜியம் நாட்டு அறிஞர்களான ஜூல் போர்டேயும் ஆக்டாவ் ஜாங்குவும் ஆவர். அது நடந்தது 1906-இல், பிரஸ்ஸல்ஸ் நகரில். அந்தக் கிருமி எளிதில் வளராத இனம். உருளைக்கிழங்குச் சாறு, கிளிசரின், இரத்தம் ஆகியவை கலந்த கூழை அதற்கென்றே அவர்கள் ஆக்க வேண்டியிருந்தது. அக்கூழின் மேல் மூன்று நான்கு நாட்களில் அது சின்னஞ்சிறு பாதரசத் துளிகள் போல மின்னிக்கொண்டு முளைக்கும். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் அலையலையாக அசைந்து சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் உள்ளன. இக்கிருமி அவற்றைப் பற்றிக்கொண்டு, அவை முளைத்த உயிரணுக்களையே கொல்கிறது. துடைப்பம் இழந்த வீட்டில் குப்பை சேர்வது போலச் சளி சேர்கிறது. இருமலைத் தவிர அதனை வெளியேற்ற வேறு வழி இல்லை. கிருமி ஒழிந்த பின்னும் வாரக்கணக்கில் இருமல் நீடிப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

கிருமி அகப்பட்டவுடன் தடுப்பு மருந்தும் அகப்பட்டுவிடும் என்று பலர் எண்ணினர். கிருமியைக் கொன்று ஊசி மருந்தாக்கிப் பலர் விற்றனர். டென்மார்க்கின் மாட்சென், பாரோ தீவுகளில் 1920-களில் அத்தகைய மருந்தைப் பயன்படுத்தி, அது நோயின் கடுமையைத் தணிப்பதைக் கண்டார். ஆயினும் கடைகளில் விற்ற மருந்துகளுள் பல பயனற்றவை. 1931-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மருந்து ஆய்வுக் குழு அவற்றின்மேல் நம்பிக்கை இழந்து, ஏற்கத்தக்க மருந்துகளின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அந்நாட்களில் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஆறாயிரம் பேர், பெரும்பாலும் குழந்தைகள், கக்குவானால் இறந்துகொண்டிருந்தனர்.

இந்நிலையில்தான் கதை மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராப்பிட்ஸ் நகருக்குச் செல்கிறது. அந்நகர் மர மேசை, நாற்காலித் தொழிலுக்குப் பேர்பெற்றது. அங்கிருந்த மாநிலச் சுகாதாரத் துறை ஆய்வுக்கூடத்தின் தலைவி பேர்ல் கெண்ட்ரிக். அவருடன் பணிபுரிந்தவர் கிரேஸ் எல்டரிங். இருவரும் முன்னர்ப் பள்ளி ஆசிரியைகளாக இருந்தவர்கள். இருவருமே குழந்தைப் பருவத்தில் கக்குவானால் துன்புற்றவர்கள். தண்ணீரையும் பாலையும் சோதிப்பதே அவர்களுக்கு இடப்பட்ட அன்றாட வேலை. கக்குவான் ஆராய்ச்சியை யாரும் அவர்களிடம் ஒப்படைக்கவில்லை. 1932-இல், அலுவலக நேரம் முடிந்த பிறகு, தாமாகவே அதனை மேற்கொண்டனர்.

மாலை வேளைகளில் கூழ் பூசிய கண்ணாடித் தட்டுகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்றனர். குழந்தை இருமும்போது தட்டைத் திறந்து, வாய்க்குச் சில அங்குலத் தொலைவில் பிடிக்க வேண்டும். தெறிக்கும் துளிகளில் கிருமி இருந்தால் சில நாட்களில் அது தட்டில் முளைத்துவிடும். அது பொருளாதார மந்தத்தின் கொடுங்காலம், தொழிற்சாலைகள் மூடிக்கிடந்தன. அவர்கள் சென்ற வீடுகள் பலவற்றில் மண்ணெண்ணெய் விளக்கே ஒளி தந்தது. ஒரே வீட்டில் மூன்று நான்கு குழந்தைகள் மூச்சுத் திணறி இருமுவதையும், வேலையற்ற தந்தை மூலையில் அமர்ந்திருப்பதையும் அவர்கள் கண்டனர். நோயை மட்டுமன்றி வறுமையையும் அந்த இரவுகளில் அவர்கள் கற்றனர்.

தட்டுகள் முதலில் அளித்த விடை மருந்தைப் பற்றியதன்று, காலத்தைப் பற்றியது. ஒரே குழந்தையிடம் வாரந்தோறும் தட்டுப் பிடித்துப் பார்த்ததில், நோயின் முதல் வாரங்களிலேயே கிருமி மிகுதியாக வெளிப்படுவதும், ஐந்தாம் வாரத்துக்குள் பெரும்பாலும் மறைந்துவிடுவதும் தெரிந்தன. கூவல் கேட்டபின் குழந்தையைப் பிரித்து வைத்தால், அதற்கு முன்பே அது அண்டை வீடுகளுக்கு நோயைப் பரப்பியிருக்கும் என்பது இதனால் விளங்கிற்று. சாதாரணச் சளி என்று நாம் நினைக்கும் நாட்களே மிக ஆபத்தானவை.

அடுத்து அவர்கள் தடுப்பு மருந்தை ஆக்கினர். தட்டுகளில் கிடைத்த புதிய கிருமிகளைக் கொன்று, தூய்மைப்படுத்தி, ஊசி மருந்தாக்கினர். முதலில் அதனைத் தம் கைகளிலேயே குத்திக்கொண்டனர். 1934-இல் குழந்தைகளிடையே சோதனை தொடங்கியது.

இவ்விடத்தில் மாணவர்கள் சற்றே நின்று கவனிக்க வேண்டுகிறேன். ஒரு நூறு குழந்தைகளுக்கு ஊசி போட்டு, அவர்களுக்கு நோய் வரவில்லை என்று காட்டினால் மருந்து பலித்தது என்று கொள்ளலாமா? கொள்ள இயலாது. கக்குவான் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகி வடியும் நோய். வடியும் ஆண்டில் ஊசி போட்டால் வெந்நீரும் வெற்றி பெறும்! ஆகையால், ஊசி பெற்ற குழந்தைகளை ஊசி பெறாத குழந்தைகளுடன், அதே வயது, அதே பால், அதே வட்டாரம் என்று இணை பார்த்து ஒப்பிட வேண்டும். அக்காலத்தில் மருத்துவர் பலர் இதற்கு அநாதை இல்லங்களை நாடினர். அங்கே கேட்பார் இல்லை. கெண்ட்ரிக் அவ்வழியை மறுத்தார். தம் வீடுகளில் பெற்றோருடன் வாழும் குழந்தைகளையே எடுத்துக்கொண்டார். செவிலியர் அவ்வீடுகளுக்குத் திரும்பத் திரும்பச் சென்று, இருமல் வந்ததா, யாரிடமிருந்து வந்தது என்று குறித்துவந்தனர். ஆயிரத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளின் முதற்கணக்கு வெளியானபோது, ஊசி பெற்றவர்களுள் நோய் கண்டவர் ஒரு சிலரே. பெறாதவர்களிடையே அது பன்மடங்காக இருந்தது.

உலகம் உடனே நம்பிவிடவில்லை. 1936-இல் கிளீவ்லாந்து நகரில் வேறோர் அறிஞர் செய்த சோதனையில் இத்தகைய பயன் புலப்படவில்லை. கெண்ட்ரிக் வாதத்தில் இறங்கவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வேட் ஹாம்ப்டன் பிராஸ்ட் என்னும் புகழ்பெற்ற தொற்றுநோய் ஆய்வாளரைத் தம் கணக்கேடுகளைப் பார்வையிட அழைத்தார். அவர் வந்து பார்த்து, ஒப்பீட்டு முறையில் சில திருத்தங்களைக் கூறினார். அவற்றை ஏற்றுப் பணி தொடர்ந்தது. பணமோ போதவில்லை. ஆய்வுக்கூடத்துக்கு வருமாறு கெண்ட்ரிக் எழுதிய அழைப்பை ஏற்று, குடியரசுத் தலைவரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் நேரில் வந்தார். அதன்பின் அரசின் வேலை நிவாரணத் திட்டத்திலிருந்து பணியாளர் கிடைத்தனர். 1939-இல் பெரிய அறிக்கை வெளியாயிற்று. 1940-களின் முற்பகுதியில் மருத்துவச் சங்கங்கள் ஒப்புதல் அளித்தன. தொண்டை அடைப்பான், இசிவு நோய் ஆகியவற்றின் தடுப்பு மருந்துகளுடன் இதனையும் ஒன்றாக்கி ஒரே ஊசியில் செலுத்தும் பணியிலும் இவ்விரு பெண்மணிகளே முன்னின்றனர். நம் அன்னையர் நன்கறிந்த முத்தடுப்பு ஊசி என்பது அதுவே. அந்த ஆய்வுக்கூடத்தில் பின்னர்ச் சேர்ந்த லோனி கோர்டன் என்னும் நீக்ரோ இனப் பெண்மணி, கருப்பர் என்பதால் வேறிடத்தில் வேலை மறுக்கப்பட்டவர். வலிமையான தடுப்பு மருந்துக்கு ஏற்ற கிருமி வகையைத் தேர்ந்தெடுத்ததில் அவர் பங்கு பெரிது.

வெற்றியின் பின் ஒரு விந்தை நிகழ்ந்தது. நோய் மறைய மறைய, நோயின் நினைவும் மறைந்தது. அந்த ஊசி குற்றமற்றது என்று நான் கூறவில்லை. காய்ச்சல், வீக்கம், வலி ஆகியவற்றை அது உண்டாக்கியது. சில குழந்தைகளுக்குக் காய்ச்சலால் வலிப்பும் வந்தது. 1974-இல் லண்டன் மருத்துவர் சிலர், ஊசிக்குப்பின் மூளை பாதிக்கப்பட்டதாகக் கருதிய குழந்தைகளைப் பற்றி எழுதினர். பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அதனை முழங்கின. பிரிட்டனில் நூற்றுக்கு எண்பது அளவில் இருந்த தடுப்பூசி விகிதம் முப்பது அளவுக்கு இறங்கிற்று. அதன்பின் இரு பெரும் கொள்ளைநோய் அலைகள் எழுந்து, இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றின. சப்பானில் 1974-இல் நோய் கண்டவர் 393 பேர். இறந்தவர் ஒருவரும் இல்லை. அடுத்து இரு குழந்தைகள் ஊசிக்குப்பின் இறந்தமையால் மக்கள் ஊசியைக் கைவிட்டனர். 1979-இல் நோய் கண்டவர் ஏறத்தாழ 13,000 பேர்; இறந்தவர் 41 பேர்.

அந்த மூளைப் பாதிப்புக்குக் காரணம் என்ன? விடை நெடுங்காலம் கழித்துக் கிடைத்தது. ஊசியால் மூளை கெட்டதாகக் கருதப்பட்ட 14 பேரை ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டனர். அவர்களுள் 11 பேரிடம் கடுமையான வலிப்பு நோயைத் தரும் மரபணு மாற்றம் இருந்தது. பிறவியிலேயே அமைந்த நோய், ஊசி போடும் பருவத்தில் தலைகாட்டியிருக்கிறது. அந்தப் பெற்றோர் பொய் சொல்லவில்லை. அவர்கள் கண்டது உண்மை, கண்டதற்குக் கூறிய காரணமே பிழை.

சப்பானில் யூஜி சாட்டோவும் அவர் குழுவினரும் கிருமி முழுவதையும் செலுத்தாமல், அதன் சில கூறுகளை மட்டும் பிரித்தெடுத்து ஒரு மருந்தை ஆக்கினர். 1981 முதல் அங்கே அது வழங்கியது. காய்ச்சலும் வலியும் குறைந்தன. ஆனால் அது தரும் பாதுகாப்பு விரைவில் தேய்கிறது என்பது பின்னர்த் தெரிந்தது. அதனை ஏற்றுக்கொண்ட கலிபோர்னியாவில் 2010-இல் பரவிய நோயில் பத்துச் சிசுக்கள் இறந்தன. இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் முழுக் கிருமி மருந்தே நிலைத்தது. 1978-இல் நாடு தழுவிய திட்டமாகத் தொடங்கியபோது முத்தடுப்பு ஊசி அதில் இடம்பெற்றது. நீலகிரியில் குன்னூரின் பாஸ்டர் நிறுவனம் அம்மருந்தைத் தயாரித்த நிலையங்களுள் ஒன்று. 2011 டிசம்பரில் ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசி இந்தியாவில் முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அறிமுகமாயிற்று. குழந்தை பிறந்த ஆறாம், பத்தாம், பதினான்காம் வாரங்களில் அது போடப்படுகிறது.

ஆறாம் வாரத்துக்கு முன் என்ன செய்வது என்ற வினா எஞ்சி நின்றது. மூச்சு நின்று இறக்கும் சிசுக்களுள் பலர் அந்த வாரங்களுக்கு உரியவர்களே. 2012-இல் பிரிட்டனில் மீண்டும் நோய் பெருகிச் சிசுக்கள் இறந்தபோது, அவ்வாண்டு அக்டோபர் முதல் கருவுற்ற தாய்மார்களுக்கு அங்கே ஊசி போடத் தொடங்கினர். தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் கருவறையிலேயே குழந்தையின் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. முதல் ஊசி போடும் நாள் வரும்வரை குழந்தைக்குக் காவலாக இருப்பது அதுதான்.