கரணையின் வெட்டுமுகம்

செஞ்சிக்குப் பக்கத்துல தொண்டூர்னு ஒரு ஊர். அங்க சமணப் படுக்கைகளோட தமிழி எழுத்துல ஒரு பழைய கல்வெட்டும் இருக்கு. செய்யச் சொன்னவர் யார், செய்தவர் யார்னு ரெண்டு பெயரையும் அது சொல்லுது. இந்தச் சுற்றுவட்டாரத்துக் கரும்புக் கொல்லைகளைப் பார்க்கும்போது எனக்கும் அதே கேள்விதான் வரும்: இந்தக் கரணையைப் பார்த்து எடுத்தது யார்?

கேள்வி பழசு. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் கோதாவரி டெல்டா கரும்பைச் செவ்வழுகல் நோய் சூறையாடியது. நோயுற்ற கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவப்பு, நடுவே குறுக்காக வெள்ளைத் திட்டுகள், புளிச்ச சாராய வாடை. அதை ஆராய பார்பர் சாமல்கோட்டையில் பண்ணை நடத்தினார். 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனவிருத்தி நிலையம் வந்ததும் அவரும் டி.எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற நம்ம ஊர்க் கரும்பைக் காட்டுக் கரும்போடு கலந்தார்கள். அப்படிப் பிறந்த கோ 205, 1918-ல் வட இந்திய வயலுக்குப் போனது.

ஆனால் ரகம் மட்டும் காப்பாற்றாது. நம்ம கடலூர் ஆராய்ச்சி நிலையம் தந்த கோக 671 சர்க்கரைச் சத்தில் பேர் வாங்கிய ரகம். அதுவும் பின்னாளில் செவ்வழுகலுக்கு இரையானது. நோய் பெரும்பாலும் விதைக்கரணையிலேயே ஏறி வருது.

கை நடவில் இதற்கு ஒரு காவல் இருந்தது. ஹெக்டேருக்கு 75,000 இருபருக் கரணை வேணும். கரணை வெட்டுகிறவர் ஒவ்வொரு வெட்டுமுகத்தையும் பார்க்கிறார். சிவந்திருந்தால், துளையிருந்தால், பரு நசுங்கியிருந்தால் அங்கேயே ஒதுக்கலாம். நடுகிறவர் பருக்கள் பக்கவாட்டில் இருக்கும்படி வைப்பார். இதிலும் ஓட்டை உண்டு. எண்ணிக்கைக்குக் கூலின்னா கை வேகம் கூடும், கண் தவறும்.

இப்போ ஆள் கிடைக்கல, இயந்திரம் வருது. வெட்டி நடும் கருவியில் முழுக் கரும்பை உட்கார்ந்தபடி செருகினா போதும். சால் பிடிச்சு, கரணை வெட்டி, மருந்தும் உரமும் விட்டு, மண்ணும் மூடிடும். வேலை மிச்சம்தான். ஆனா வெட்டுமுகத்தை யாரும் பார்க்கிறதில்லை. வெட்டின அடுத்த நொடியே கரணை மண்ணுக்குள்ள போயிடுது.

அதனால காவல் ஒரு படி முன்னாடி நகரணும். நடவு வயலில் செய்த சோதனையை நாற்றங்கால் வயலில் செய்யணும். ஆறேழு மாத விதைக்கரும்பு, 50 டிகிரி நீராவிக் காற்றில் ஒரு மணி நேரம், அப்புறம் வயலை நடந்து பார்த்து நோய்த்தூரைக் களைதல். வெப்பச் சிகிச்சை புல்தோகைக்கு நல்லா கேட்கும். செவ்வழுகலுக்கு அது மட்டும் போதாது, கண்தான் வேணும். செருகுற கரும்பில் நாலைஞ்சைப் பிளந்து பார்த்துட்டுத்தான் டிராக்டரைக் கிளப்பணும். நட்ட ஒரு மாதத்துக்குள் இடைவெளியை எண்ணி, முளைவிட்ட கரணையால் நிரப்பணும்.

கை நடவா, கருவி நடவா என்பதல்ல சண்டை. வெட்டுமுகத்தை யாராவது பார்த்தாகணும், பார்த்தது யார்னு சொல்லவும் முடியணும். தொண்டூர்ப் பாறையில் அதை அன்றே எழுதி வச்சாங்க. விதைக்கரும்புக் கட்டில் ஒரு சீட்டாவது நாம கட்டக் கூடாதா?