வெண்குழியத்தின் மூச்சு

மூச்சு நின்றால் உயிர் நின்றது என்பது எழுத்தறியாதவரும் அறிந்த உண்மை. ஆயின் மூச்சுவிடுவது மூக்கும் நெஞ்சும் மட்டுமல்ல, உடலிலுள்ள கோடானுகோடிக் கலங்களுமே என்பதை மனிதகுலம் மெல்ல மெல்லவே கண்டறிந்தது. அவற்றுள்ளும் நம்மை நோயினின்று காக்கும் வெண்குழியங்கள் எவ்வளவு ஒட்சிசனை உட்கொள்கின்றன என்று அளந்த வரலாறு தனியாகச் சொல்லத்தக்கது. அவ்வரலாற்றில் தமிழ்ப் பெயரொன்றும் உண்டு. நாம் கற்ற, கற்பிக்கும் பாடநூல்களில் அப்பெயரை நாம் கண்டதில்லை.

ருசிய விஞ்ஞானி மெச்னிகோவ் 1882இல் ஒடெசாப் பல்கலைக்கழகத்தின் பிற்போக்கு நிருவாகத்தோடு ஒத்துப்போக இயலாமல் பதவி துறந்து, இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்தார். அங்கு விண்மீன் எனப்படும் கடலுயிரின் ஒளிபுகும் குடம்பியில் முள்ளொன்றைக் குத்திவைத்தார். மறுநாள் அம்முள்ளை நகரும் கலங்கள் சூழ்ந்து நிற்கக் கண்டார். தின்குழியக் கொள்கை அங்கே பிறந்தது. 1908இல் நோபெல் பரிசும் கிடைத்தது. ஆனால் விழுங்குதல் வேறு, கொல்லுதல் வேறு. விழுங்கிய கிருமியை அக்கலம் எதைக்கொண்டு கொல்கிறது என்ற வினாவுக்கு விடை காண மேலும் பல பத்தாண்டுகள் சென்றன.

ஜெர்மனியின் ஒட்டோ வார்பர்க் செம்மைப்படுத்திய கண்ணாடிக் குடுவைதான் அக்காலத்தின் அளவுகோல். 37 பாகை வெப்பமுள்ள நீரில் குடுவை ஓயாது ஆடிக்கொண்டிருக்கும். கலங்கள் வெளிவிடும் காபனீரொட்சைட்டை நடுக்கிண்ணத்திலுள்ள பொற்றாசியம் ஐதரொட்சைட்டு உறிஞ்சிவிடும். எனவே குடுவையில் அமுக்கம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஒட்சிசன் செலவாயிற்று என்று கொள்ளலாம். 1933இல் சிகாகோவில் போல்ட்றிஜ், ஜெராட் என்னும் இருவர் இம்முறையால் வெண்குழியங்களை ஆராய்ந்தபோது, பற்றீரியாவை உண்ணும் வேளையில் அவற்றின் மூச்சு திடீரெனப் பெருகுவதைக் கண்டனர். விழுங்கும் உழைப்புக்கு வேண்டிய சக்தி போலும் என்று அவர்கள் எண்ணினர். நியாயமான எண்ணந்தான், ஆயினும் அது உண்மையன்று.

1959இல் ஸ்பாரா, கார்னோவ்ஸ்கி இருவரும் ஒட்சிசனை நாடாத கிளைக்கோப்பகுப்பினாலேயே விழுங்குதல் நடைபெறுகிறது என்று காட்டினர். அப்படியாயின் பெருகிய மூச்சு எதற்காக? 1961இல் மொன்றியலிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரை ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளிவந்தது. உண்ணும் வெண்குழியம் ஐதரசன் பேரொட்சைட்டை ஆக்குகிறது என்று அது நிறுவியது. அதன் ஆசிரியர் மூவர்: ஐயர், இஸ்லாம், குவாஸ்டல். மூன்றாமவர் இங்கிலாந்தின் ஷெபீல்டில் பிறந்த யூதர். சமயத்தின் பெயரால் மக்களைப் பிரிப்போர் அந்த ஒரு வரியையாவது படித்துப் பார்க்கலாம்.

1966இல் அதே சஞ்சிகையில் செல்வராஜ், ஸ்பாரா இருவரின் கட்டுரை வந்தது. கிருமி உள்ளே நுழைவது ஒரு வழி, அது அழிவது மற்றொரு வழி என்று அவர்கள் வேறுபடுத்தினர். ஒட்சிசன் இல்லாவிடத்தும் வெண்குழியம் விழுங்கும். ஆயின் கொல்லும் வலிமை குன்றிவிடும். அப்பெருமூச்சு உழைப்பின் இளைப்பன்று, ஆயுத உற்பத்தி என்பது தெளிவாயிற்று. உட்கொண்ட ஒட்சிசன் பேரொட்சைட்டாகி, பின்பு குளோரினோடு சேர்ந்து வெளுப்பான் போன்ற பொருளாகவும் மாறுகிறது. வெள்ளம் வடிந்த பின் கிணற்றிலிடும் குளோரினின் நெடி பாமன்கடையில் வாழும் நமக்குப் புதிதன்று. அவ்வினத்து நஞ்சையே நம் குருதி தானே ஆக்கிக்கொள்கிறது!

இது ஆய்வுகூடத்துப் பொழுதுபோக்கு அன்று. 1957இல் அமெரிக்காவின் மினசோற்றாவில் சில ஆண்குழந்தைகளைப் பற்றிய அறிக்கை வெளியாகியிருந்தது. இடைவிடாத சீழ்க்கட்டிகள், வீங்கிய நிணநீர்க் கணுக்கள், பின்பு மரணம். குருதியில் வெண்குழியங்களுக்குக் குறைவில்லை. அவை கிருமியை விழுங்கவும் செய்தன. பெற்றோருக்கு மருத்துவர் கூற ஒரு விளக்கமும் இருக்கவில்லை. 1967இல் ஹோம்ஸ், பேஜ், குட் ஆகியோர் அத்தகைய குழந்தைகளின் வெண்குழியங்களை அளந்து பார்த்தபோது, உண்ணும் வேளையில் பெருகவேண்டிய மூச்சு அவற்றில் பெருகவேயில்லை! குடுவையின் அமுக்கக் குறைவை அளந்தவர்களின் பொறுமைதான் அப்பிள்ளைகளின் நோய்க்குக் காரணம் காட்டியது. பின்னர் தடுப்பு மருந்துகளும் எலும்புமச்சை மாற்றுச் சிகிச்சையும் வந்தன. ‘கொல்லும் நோய்’ என்று முதலில் பெயரிடப்பட்ட அதனோடு இன்று பலர் வளர்ந்து பெரியவராகின்றனர். மருந்தும் மருத்துவமனையும் எட்டும் நாடுகளில் என்று சேர்த்துச் சொல்லவேண்டும்.

இதற்கிடையே அளவுகருவியும் மாறியது. பிராகாவின் ஹெய்ரொவ்ஸ்கி 1922இல் தொடங்கிய மின்னிரசாயன முறையின் வழியில், அமெரிக்கரான லீலண்ட் கிளார்க் 1956இல் தம் ஒட்சிசன் மின்வாயை வெளியிட்டார். பிளாற்றினம் முனை, அதை மூடிய மெல்லிய பொலித்தீன் படலம், அருகே வெள்ளி. படலத்தை ஊடுருவிவரும் ஒட்சிசன் மூலக்கூறு ஒவ்வொன்றும் முனையில் நான்கு இலத்திரன்களைப் பெறும். ஓடும் மின்னோட்டமே ஒட்சிசனின் கணக்கு. 1989இல் ரெக்சாசின் அலன் பார்ட் குழுவினர் முனையை மிகமிக நுண்ணியதாக்கி, பொருளின் மேல் வரிவரியாக நகர்த்திப் படம் வரையும் முறையை நிலைநாட்டினர். மயிரின் தடிப்பில் ஐந்திலொரு பங்கே உள்ள ஒற்றை வெண்குழியத்தின் மேல் அம்முனை செல்லும்போது, கலம் ஒட்சிசனைக் குடித்துவிட்ட இடத்தில் மின்னோட்டம் தாழும். தாழ்ந்த இடங்களைச் சேர்த்தால் மூச்சின் வரைபடம் கிடைக்கும். இதில் இடர் இல்லாமலில்லை. முனை மிக அண்மையில் சென்றால் கலத்தின் உடலே ஒட்சிசனின் வழியை மறைத்து மின்னோட்டத்தைத் தாழ்த்தும். மேட்டையும் மூச்சையும் பிரித்தறிய வேண்டும். முனையும் ஒட்சிசனை உண்பதால் அது சிறிதாயிருக்குமளவுக்கே கலம் தொல்லையின்றி இருக்கும்.

ஒற்றைக் கலத்தை ஏன் இவ்வளவு பாடுபட்டு அளக்கவேண்டும்? குடுவை பல இலட்சம் கலங்களின் சராசரியைத்தான் சொல்லும். சராசரி எத்தகைய சாட்சி என்பதை, தலைக்குரிய வருமானம் என்ற கணக்கைப் பார்த்த தோட்டத் தொழிலாளி அறிவான். வெண்குழியத்திலும் அப்படியே. மேற்சொன்ன நோயைப் பிள்ளைக்குத் தரும் பரம்பரை அலகு பெரும்பாலும் தாயின் எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது. பெண்ணின் கலம் ஒவ்வொன்றிலும் இரண்டு எக்ஸ்களில் ஒன்று ஓய்ந்துவிடுகிறது என்று மேரி லயன் 1961இல் கூறினார். 1967இல் இத்தாய்மாரின் குருதியைச் சாயமிட்டு, கலங்களை ஒவ்வொன்றாக நுணுக்குக்காட்டியில் பார்த்தனர். நீலமாகிய கலங்களும், நீலம் சிறிதும் ஏறாத கலங்களும் அருகருகே கிடந்தன. அரை மூச்சு விடும் கலங்கள் அங்கே இல்லை. முழு மூச்சு விடுவனவும் விடாதனவும் கலந்தே இருந்தன. அக்குருதியைக் குடுவையிலிட்டால் மட்டும் எல்லாமே குறைமூச்சுக் கலங்கள் போலத் தோன்றும்.