சாலைகளின் கதை – 14: மாதக் கடைசியில் வந்த பில்

காரின் முன்கண்ணாடியில் ஒரு காகித உரிமம், நுழைவிடத்தில் அதைப் பார்க்க ஒரு காவலர். 1975-இல் சிங்கப்பூர் இவ்வளவை வைத்தே நகர்மையத்துக்குள் வரும் கார்களிடம் கட்டணம் வாங்கியதைச் சென்ற வாரம் பார்த்தோம். ஹாங்காங்குக்குக் காகிதம் போதவில்லை. காரின் அடிவயிற்றில் ஒரு மின்னணு எண் பலகை, சாலைக்கடியில் கம்பிச் சுருள். கார் மேலே கடந்தால் கணினியில் பதிவாகும். மாதக் கடைசியில் டெலிபோன் பில் மாதிரி வீட்டுக்கு பில் வரும்.

1983 ஜூலையில் வெள்ளோட்டம் தொடங்கியது. சுமார் 2,500 வண்டிகள், பெரும்பாலும் அரசு வண்டிகள். 1985 மார்ச் வரை ஓட்டிப் பார்த்தார்கள். கருவி கிட்டத்தட்ட பிசகவே இல்லை. பொறியாளர்களுக்குப் பரம திருப்தி.

கார்க்காரர்களுக்கு வேறு கணக்கு இருந்தது. 1982-இல்தான் காலனி அரசு கார்களின் முதல் பதிவு வரியை இரட்டிப்பாக்கி, ஆண்டு உரிமக் கட்டணத்தை மும்மடங்காக்கியிருந்தது. பலர் காரையே கைவிட, நெரிசலும் தணிந்தது. வாங்குவதற்கு வரி, வைத்திருப்பதற்கு வரி, இப்போது ஓட்டுவதற்கும் வரியா என்று கேட்டார்கள். இது வந்தால் உரிமக் கட்டணம் குறையும் என்று சொல்லிப் பார்த்தது அரசு. யாரும் நம்பவில்லை. என்னைக் கேட்டால், நம்பாததில் நியாயம் உண்டு.

இன்னொரு பயம் அதைவிட ஆழமானது. நான் எந்த நேரத்தில் எந்தத் தெருவில் போனேன் என்பது அரசின் கணினிக்கு எதற்கு? (பில்லை மனைவி பிரித்துவிடுவாளே என்று கலங்கிய கனவான்களும் இருந்திருப்பார்கள், அதை யார் வெளியே சொல்வார்கள்?) 1984 டிசம்பரில் பிரிட்டனும் சீனாவும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 1997-இல் நகரம் பிரிட்டனிடமிருந்து சீனாவுக்குக் கைமாறும் என்பது உறுதியானது. அந்தக் கணினியும் சேர்ந்தே கைமாறும் அல்லவா?

இதை மன்றத்தில் கேட்கவும் ஆள் இருந்தது. வாக்குரிமை அதிகம் தராத காலனி அரசு, 1982-இல்தான் மாவட்ட வாரியங்களுக்குத் தேர்தல் நடத்தியிருந்தது. திட்டத்தை அந்த வாரியங்களின் முன் வைத்தபோது, அவை பெருவாரியாக எதிர்த்தன. அரசு திட்டத்தை மூட்டை கட்டியது. பிறகும் பலமுறை ஆய்வுகள் நடந்தன. கட்டணம் மட்டும் வரவில்லை.

ஹாங்காங் பட்ட பாட்டைச் சிங்கப்பூர் கவனித்துக்கொண்டிருந்தது. 1998-இல் காகிதத்தை விட்டு மின்னணு முறைக்கு மாறியபோது, காருக்குள் ஒரு கருவி, அதில் முன்பணம் ஏற்றிய அட்டை. வாயிலைக் கடக்கும்போதே காசு கழிந்துவிடும். வீட்டுக்கு பில் வராது.

அடுத்த வாரம்: ஸ்டாக்ஹோம்.